ஒன்பது தண்டும் ஒரு சிமிழ் குங்குமமும்

13 ஜூலை, திங்கள் (ஆனி 29)

வந்திருந்தவர்கள்: அணுமின் நிலையத்தின் சார்பில் தரச் சோதனை செய்யும் திருமதி செல்வகனி. வால்வு கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் திரு. முரளீதரன். நம் பட்டறையிலிருந்து என் வீட்டுக்காரர் சென்னியப்பன், தலைமை டர்னர் ஆரோக்கியசாமி, பிறகு நான். ஆக ஐந்து பேர். டிரைவர் காரை விட்டு இறங்கவில்லை. அவருக்கும் டீ போனது, ஆகவே டீ ஆறு.

எந்தக் கூட்டமானாலும் முதலில் வந்தவர் பெயரை எழுத வேண்டுமாம். செல்வகனி அம்மா சொன்னார். எனக்குப் பிடித்திருந்தது. வீட்டு விசேஷத்திலும் இனி இப்படித்தான் எழுதப் போகிறேன்.

விஷயம் இதுதான். அணுமின் நிலையத்துக்குப் போகும் வால்வுகளுக்கு நாற்பது ஸ்டெம் கடைந்து தர வேண்டும். ஸ்டெம் என்றால் தண்டு. மேலே சக்கரத்தைத் திருப்பினால் குழாய்க்குள் இருக்கும் கதவை ஏற்றி இறக்குவது இந்தத் தண்டுதான். இந்த வேலை தரச் சோதனையில் தேறினால் அங்கீகாரப் பட்டியலில் நம் பட்டறையின் பெயர் ஏறும். ஏறாவிட்டால், ஆறு மாதமாகச் சும்மா நிற்கும் இரண்டு லேத்தையும் பெயர்த்துவிட்டு, எட்டு ஆட்களில் நாலு பேரை வேறு இடம் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று என் வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருக்கிறார்.

யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று கட்டம் கட்டிய படம் ஒன்றை அவர் நீட்டினார். அதில் ஒரு கட்டத்தில் ‘தர ஆவணப் பொறுப்பு: தெய்வானை’ என்று இருந்தது. என்னிடம் சொல்லவே இல்லை.

“தெய்வானைங்கது யாரு?” என்று கேட்டார் செல்வகனி அம்மா. திசையன்விளைப் பக்கமாம், பேச்சிலேயே தெரிந்தது.

“என்ற சம்சாரங்க. ரிஜிஸ்டர் பூரா அவங்க கைதானுங்க.”

“செய்யுதவங்க வேற, தரம் பாக்குதவங்க வேறயா இருக்கணும். தப்புன்னு பட்டா உங்க வேலைய நிறுத்துததுக்கு இவங்களுக்கு அதிகாரம் இருக்கா?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஊட்ல நெறைய இருக்குதுங்க. பட்டறைல இனிமேத்தான் குடுக்கோணும்.”

ஆரோக்கியசாமி இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். செல்வகனி அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “நிறுத்துவியளாம்மா?” என்றார்.

“நிறுத்துவனுங்க,” என்றேன். ஏன் அத்தனை சத்தமாகச் சொன்னேனோ தெரியவில்லை.

வெளிர்நீலக் காட்டன் சேலை, கொண்டையில் செருகிய பேனா, சிரிக்கத் தெரியாத முகம். நான் வைத்த உப்புமாவைக்கூடக் குறை தேடுகிற மாதிரி கிளறிக் கிளறிப் பார்த்தார்.

பால் 2 லிட்டர். கேஸ் சிலிண்டர் இன்று மாற்றினேன்.

14 ஜூலை, செவ்வாய் (ஆனி 30)

தண்டு கடையக் கம்பி வந்து இறங்கியது. பதினோரு கம்பி. ஒவ்வொன்றின் முனையிலும் ஹீட் நம்பர் கொத்தியிருக்கிறது. ஒரே உலையில் ஒரே தடவை உருக்கி வார்த்த கம்பிகளுக்கெல்லாம் ஒரே நம்பர்.

இது எனக்கு விளங்கிய விதம் இப்படி: கம்பிக்கும் கூட்டம், அதாவது குலம், உண்டு. நம்மில் பெண் கேட்டு வந்தால் முதலில் என்ன கூட்டம் என்றுதானே விசாரிக்கிறோம். ஒரு கம்பியை நாலாய் அறுத்தால், அறுப்பதற்கு முன்பே நாலு துண்டிலும் அந்த நம்பரைக் கொத்திவிட வேண்டும். நம்பர் இல்லாத துண்டு கூட்டம் தெரியாத பிள்ளை. அதை யார் வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள்.

இதை ஆரோக்கியசாமியிடம் சொன்னபோது, “எங்கள்ல கூட்டமெல்லாம் பாக்கறதில்லீங்கக்கா. ஞானஸ்நான சர்டிபிகேட் கேப்பாங்க,” என்றார். “அப்ப அப்பிடியே வெச்சுக்கங்க,” என்றேன்.

கம்பியோடு வந்த சான்றிதழ் ஏழு பக்கம். ஆங்கிலம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த இருபத்திரண்டு வருஷத்தில் பட்டறைக் காகிதமும் அகராதியுந்தான் வாத்தியார். இன்று புதிதாகப் பார்த்த சொல் பத்தொன்பது. எழுதி வைத்திருக்கிறேன்.

17 ஜூலை, வெள்ளி (ஆடி 1)

ஆடியும் பிறந்து வெள்ளியும் சேர்ந்து வந்திருக்கிறது. காலையில் குளித்துத் தண்டுமாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தேன். தண்டு செய்கிறவர்களுக்குத் தண்டுமாரியம்மனை விட்டால் வேறு யார்? இதை வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

பதினொரு மணிக்கு முதல் தட்டு முடிந்தது. ஒன்பது தண்டு. கண்ணாடி மாதிரி முகம் தெரிகிறது. இந்தப் பட்டறையில் முதலில் முடிகிற தட்டுக்குப் பொட்டு வைக்காமல் ஒரு உருப்படிகூட வெளியே போனதில்லை. முதல் தட்டுக்கு மட்டுந்தான், எல்லாவற்றுக்கும் வைப்பதில்லை. வரிசை எண் 1 முதல் 9 வரை, எண் கொத்திய இடத்துக்கு ஒரு சாண் கீழே, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். ஐந்தாவதுக்கு மட்டும் கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. திருத்தவில்லை. அம்மன் கேட்டு வாங்கியதாக இருக்கட்டும்.

குங்குமம் தை மாதம் நானே வீட்டில் இடித்தது: விரலி மஞ்சள், எலுமிச்சைச் சாறு, வெங்காரம், படிகாரம், நல்லெண்ணெய். பித்தளைச் சிமிழில் இன்னும் முக்கால் பாகம் இருக்கிறது.

ஒன்பதையும் வரிசையாகப் பார்த்தபோது ஒன்பது சுமங்கலிகள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவரும் வந்து பார்த்து, “சும்மா சொல்லக்கூடாது, லட்சணமாத்தான் இருக்குது,” என்றார்.

20 ஜூலை, திங்கள் (ஆடி 4)

ஒன்பதையும் ஈரத் துணியால் துடைத்து உறை போட்டேன். குழாய்த் தண்ணீர்தான். மதியம் ராகிக் கூழ், மோர் மிளகாய். ஆட்கள் எட்டுப் பேரும் இரண்டு சொம்பு குடித்தார்கள். ஆரோக்கியசாமி மூன்று.

24 ஜூலை, வெள்ளி (ஆடி 8)

செல்வகனி அம்மா சொல்லாமல் வந்தார். இன்றோடு இருபத்திரண்டு தண்டு முடிந்திருக்கிறது.

என் ரிஜிஸ்டரை ஒரு மணி நேரம் பார்த்தார். அறுத்த துண்டு, வீணான முனை, மிச்சக் கம்பி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, “பதினோரு கம்பியும் கணக்குல நிக்கி,” என்றார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு பட்டறைக்குள் நடந்தார். ஆரோக்கியசாமி சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

“அண்ணாச்சி, அதக் கீழ வையுங்க. சாக்பீஸ் ஆகாது. ஒட்டுத் தாள் ஆகாது. கண்ட பேனாவும் ஆகாது. வெறுங்கை வேர்வைகூட ஆகாது.”

“துருப்பிடிக்காத இரும்புதானுங்களே மேடம்?”

“துருப் பிடிக்காது. ஆனா உப்புச் சத்து இதுக்கு ஜென்மப் பகையாக்கும். சூடும் அழுத்தமும் சேந்த இடத்துல, துளி ஒட்டியிருந்தாலும் போதும், முடி மாதிரி வெடிப்பு விடும். கண்ணுக்குத் தெரியாது. வருசம் போயி ஒரு நாளு, வால்வ மூடணும்னு நிக்கும்போது தண்டு முறிஞ்சா அங்க யாரு போயிப் பதில் சொல்லுதது?”

“கழுவறதுக்குச் சிறுவாணித் தண்ணிதானுங்க. தேனு மாதிரி இருக்கும்,” என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ பெருமை சொல்வது போல.

“நீங்க குடிங்க. இதுக்கு உப்பு நீக்குன தண்ணிதான்.”

எல்லாருக்கும் வெள்ளைக் கையுறை கொடுத்தார். கடைசியில் பொதுவாகக் கேட்டார்: “வேற எதும் இது மேல பட்டிருக்கா?”

“எண்ணெயும் கூலன்ட்டுந்தானுங்க,” என்றார் ஆரோக்கியசாமி. கூலன்ட் என்றால் கடையும்போது சூடு தணிய ஊற்றும் திரவம்.

நான் காபி எடுக்கப் போனேன். பத்து டம்ளர் கொண்டுவந்தேன். இருந்தது நாலு பேர்.

25 ஜூலை, சனி (ஆடி 9)

பால் 2 லிட்டர். வேறு எழுத ஒன்றுமில்லை.

26 ஜூலை, ஞாயிறு (ஆடி 10)

பீர்க்கங்காய்க் கூட்டுக்கு உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். அவர் தயிரை ஊற்றிச் சாப்பிட்டார். நேற்று முழுக்க என்னிடம் அவரும் பேசவில்லை, அவரிடம் நானும் பேசவில்லை. இருவருக்கும் ஒரே நினைப்பு என்று இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் விளக்கேற்றி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மனுக்குத் தெரிந்துதான் பொட்டு வைத்தேன். அம்மனுக்குத் தெரிந்ததை வந்து கேட்டவரிடம் மறைத்தால், மறைப்பதற்கு அம்மனையும் துணைக்குச் சேர்த்துக்கொண்ட மாதிரி ஆகும். அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கரைப்பேன்?

27 ஜூலை, திங்கள் (ஆடி 11)

காலை இட்லி தின்றுகொண்டிருக்கும்போதே சொன்னேன்.

“ஏனுங், அந்த ஒம்பதையும் நிறுத்தி வெக்கோணும்.”

அவர் இட்லியைப் பிய்த்தபடி, “தொடச்சாச்சல்லொ,” என்றார்.

“தொடச்சது குழாய்த் தண்ணிலங்க. அதும் தப்புன்னு அந்தம்மா சொல்லீட்டாங்க.”

“ஆரு பாத்தா அம்மணி? நீ பாத்த, நாம் பாத்தேன், ஆரோக்கியசாமி பாத்தான். அவன் வாயத் தொறக்க மாட்டான்.”

“நான் தொறப்பனே.”

தட்டைத் தள்ளி வைத்தார். “சாமிக்கு வெச்ச பொட்டைத் தப்புன்னு உன்ற கையாலயே எழுதிக் குடுக்கப் போறியா? ஆடி வெள்ளியும் அதுவுமா வெச்சது.”

“சாமி தப்புன்னு எழுதலீங்க. எடம் தப்புன்னு எழுதறன். நெத்தில வெக்கறதக் கண்ணுக்குள்ள வெச்சா எரியத்தான செய்யும்?”

“நாப்பதும் போச்சுன்னு திருப்பிட்டா? நாலு குடும்பத்துக்கு நாம் போயிச் சொல்லோணும். தெரியுமல்லொ?”

தெரியும். அந்த நாலு பேரில் ஆரோக்கியசாமி இல்லை, ஆனால் அவர் மருமகன் உண்டு.

“பதிமூணாந்தேதி நிறுத்துவியான்னு அந்தம்மா எங்கிட்டத்தானுங்க கேட்டாங்க. நிறுத்துவன்னேன். நீங்களுந்தான் பக்கத்துல இருந்தீங்க.”

அவர் கைகழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, “அன்னைக்கு அத்தன சத்தமா நீ சொன்னப்பவே நாம் முழிச்சிருக்கோணும்,” என்றார். முகத்தில் கோபம் இல்லை. “சரி, கட்டு போ. ஆனா போன் நீயே பண்ணிக்க. எனக்கு அந்தம்மாகிட்டப் பேசறதுக்குத் தொண்ட வராது.”

சிவப்பு அட்டையில் ‘நிறுத்தம்’ என்று எழுதி ஒன்பது தண்டுக்கும் கட்டினேன். கட்டுவதற்குக் கை பழக்கத்தில் மஞ்சள் கயிற்றை எடுத்துவிட்டது. நல்லவேளை, ஆரோக்கியசாமி, “அக்கா! மஞ்ச!” என்று கத்தினார். பிறகு உறைக்கு மேலாக மெல்லிய எஃகுக் கம்பியால் கட்டினோம்.

போன் செய்தேன். முழுவதும் சொன்னேன்.

“குங்குமமா?” என்றார்.

“ஆமாங்க. சந்தனமும்.”

“வியாழக்கிழம வாரேன். ஒண்ணையும் தொடாதிங்க. துடைக்காதிங்க. முக்கியமா, இனி பொட்டு வைக்காதிங்க.”

30 ஜூலை, வியாழன் (ஆடி 14)

வந்திருந்தவர்கள்: 13-ஆம் தேதி வந்த அதே ஐந்து பேர். டீ ஆறு. இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினால்தான் எனக்கு ஆறும்.

முரளீதரன் சார் கறாராக ஆரம்பித்தார். “இப்ப முப்பத்தியாறு பீஸ் முடிஞ்சிருக்கு. ஒன்பதுல மட்டும்தான் வச்சோம்னு நீங்க சொல்றீங்க. அதுக்கு என்ன ஆதாரம்? தொடச்சு உறை போட்டாச்சு. கண்ணால பாத்து எது எதுன்னு சொல்ல முடியுமா? என்னைக் கேட்டா மொத்தமும் சந்தேகந்தான். மொத்தத்தையும் ஒதுக்கிட வேண்டியதுதான்.”

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வகனி அம்மா என்னைப் பார்த்தார். “உங்க ரிஜிஸ்டர்ல இது ஏறியிருக்கா?”

“ரிஜிஸ்டர்ல இல்லீங்க.” அது உண்மை. பட்டறை ரிஜிஸ்டரில் பொட்டுக்குக் கட்டம் இல்லை. “ஆனா இன்னொரு நோட்டு இருக்குதுங்க. வீட்டு நோட்டு.”

இந்த நோட்டைத்தான் கொண்டுபோய் நீட்டினேன். பால் கணக்கும் கூழும் பீர்க்கங்காயும் இருக்கிற இதே நோட்டை.

ஜூலை 17-ஐ அவர் வாய்விட்டுப் படித்தார். “வரிசை எண் 1 முதல் 9 வரை. எண் கொத்திய இடத்துக்கு ஒரு சாண் கீழே. ஐந்தாவதுக்கு மட்டும் கை கொஞ்சம் தாராளம்.” நிமிர்ந்து முரளீதரன் சாரைப் பார்த்தார். “நம்பரு இருக்கு, தேதி இருக்கு, எடம் இருக்கு, என்னென்ன பொருள் சேந்துச்சுன்னும் இருக்கு. எந்தப் பெரிய கம்பெனில சார் இப்பிடி எழுதுதாவ?”

“இது டைரி மேடம். நேத்து உக்காந்துகூட எழுதியிருக்கலாம்.”

“அப்ப தெனமும் எழுதுத நோட்டுதானான்னு பாத்திருவோம்,” என்று பக்கங்களை முன்னால் புரட்டினார்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஜூலை 13.

எழுந்துபோய்ப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். பிறகு கொண்டையிலிருந்து பேனாவை உருவினார்.

“இதுல ஒரு கொறை இருக்கு.”

“என்னங்க?” என்றார் என் வீட்டுக்காரர், உயிர் போன குரலில்.

“ ‘சிரிக்கத் தெரியாத முகம்’னு எழுதியிருக்கு. இதுக்குச் சான்று எங்க?”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் காது வரை சுட்டது. செல்வகனி அம்மாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை, பட்டறையே திரும்பிப் பார்த்தது.

“எக்கா, உப்புமாவக் கிளறுனது குறை தேடி இல்ல. எனக்கு வயித்துப் புண்ணு. மிளகாய ஒதுக்குனேன்.”

“அய்யோ, சொல்லியிருந்தா வேற பண்ணியிருப்பனுங்களே!”

“உப்புமா நல்லாத்தான் இருந்துச்சு. அதயும் எழுதிக்கிடுங்க.”

எழுதிவிட்டேன்: உப்புமா நன்றாக இருந்தது. செல்வகனி அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும். முந்தைய பதிவு இதன்மூலம் திருத்தப்படுகிறது.

முரளீதரன் சாரும் நோட்டை வாங்கி ஏப்ரல் வரை புரட்டினார். ஏப்ரல் 9-இல், ‘முரளீதரன் சார் போனில் கோபப்பட்டார், ஆனால் நியாயமானவர்’ என்று இருந்ததாம். நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்து, “ஒன்பது மட்டும்தான். ஒத்துக்கறேன்,” என்றார்.

முடிவு: மற்றவை வழக்கம்போல் போகும். ஒன்பதையும் உப்பு நீக்கிய தண்ணீரில் கழுவி, கழுவிய நீரையும் சிமிழ்க் குங்குமத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஐந்தாவது தண்டை நெடுக்காக அறுத்து உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொட்டு அதிகம் போனது அதற்குத்தானே. அம்மன் கேட்டு வாங்கியது என்று அன்று எழுதியிருக்கிறேன்.

சிமிழோடு கொடுத்துவிட்டேன். இரவல் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

3 ஆகஸ்ட், திங்கள் (ஆடி 18)

ஆடிப் பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளி சாதம், தயிர் சாதம். வீட்டில் குங்குமம் இல்லாத முதல் ஆடிப் பெருக்கு. பக்கத்து வீட்டு லோகாம்பாளிடம் ஒரு சிட்டிகை வாங்கினேன். “உங்க ஊட்ல தீந்துபோச்சா?” என்றாள். “சோதனைக்குப் போயிருக்குது,” என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை, ஆனால் தெரு முழுக்க என் குங்குமத்துக்குப் பரீட்சை என்று பரவிவிட்டது.

அறுபடப் போகிற ஐந்தாவதற்கு மாற்றாக நாற்பத்தொன்றாவது தண்டு. மிச்சக் கம்பியில் அதே ஹீட் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அறுக்க விட்டேன். அதே கூட்டம்.

மதியம் ஆரோக்கியசாமி தயங்கித் தயங்கி வந்தார்.

“அக்கா, ஒண்ணு சொல்லோணும். என்ற லேத்துக்கு மேல வேளாங்கண்ணி மாதா படம் இருக்குதுங்கல்ல? அது ஒட்டுத் தாள்லதான் ஒட்டிருக்குது. மாதாவுக்கும் செவப்பு அட்டையா?”

போய்ப் பார்த்தேன். தண்டு இருக்கும் இடத்துக்கும் படத்துக்கும் நாலடி. ஆனாலும் எண்ணெய் தெறிக்கிற இடம், தாள் உரிந்து விழலாம். ஆணி அடித்து, படத்தைச் சட்டத்துக்குள் போட்டு, சுவருக்கு மாற்றினோம். மாதாவுக்கு இப்போது வெளிச்சம் நன்றாக விழுகிறது. ஆரோக்கியசாமி கையுறையோடே சிலுவை போட்டுக்கொண்டார்.

7 ஆகஸ்ட், வெள்ளி (ஆடி 22)

பதில் வரவில்லை. அவர் மூன்று தடவை போனை எடுத்து எடுத்து வைத்தார். நான் அம்மனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் முடிவு சுத்தமாக இருக்காது என்று பட்டது. கும்பிட்டு மட்டும் வந்தேன்.

11 ஆகஸ்ட், செவ்வாய் (ஆடி 26)

வந்திருந்தவர்: செல்வகனி அம்மா மட்டும். கூடவே என் சிமிழ்.

எடுத்தவுடன் சொல்லிவிட்டார், எங்கள் முகத்தைப் பார்த்தே. எட்டுத் தண்டும் சுத்தம். கழுவிய நீரில் உப்புச் சத்து அனுமதித்த அளவுக்கு வெகு கீழே. ஐந்தாவதை அறுத்துப் பார்த்ததில் உள்ளும் புறமும் வெடிப்பு இல்லை. பொட்டு மூன்று நாள்தான் இருந்தது, சூடும் படவில்லை, அதனால் தண்டு தப்பியது.

“வெளிய தெரியாம போயிருந்தா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“போயிருந்தா இப்பவும் ஒண்ணும் ஆயிருக்காதுதான் அண்ணாச்சி. ஆனா இது சரியா இருக்குன்னு யாரும் சொல்லியிருக்க முடியாது. சரியா இருக்கதும், சரியா இருக்குன்னு தெரியுததும் வேற வேற.”

பிறகு ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். அங்கீகாரப் பட்டியல். ஆங்கிலத்தில் பதினேழாவது பெயர் நம் பட்டறை. அகராதி வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். போய் லேத்துகளுக்கு நடுவில் நின்று, எட்டுப் பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என்ன சொன்னாரோ, ஆரோக்கியசாமியின் மருமகன் விசிலடித்தது இங்கே வரை கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. கூலன்ட் தெறித்துவிட்டது என்றார். இன்று லேத் ஓடவே இல்லை.

ஒரு நிபந்தனை உண்டு. தப்பு மறுபடி நடக்காமல் இருக்க விதி ஒன்று எழுதித் தொங்கவிட வேண்டும். யார் எழுதுவது என்று கேட்டதற்கு, “தரம் யாரு பாக்காவளோ அவங்கதான்,” என்றார் செல்வகனி அம்மா. எழுதினேன்: ‘உருப்படியின்மேல் எந்தப் பொருளும் படக்கூடாது. சாமிப் பொருளும் இதில் சேரும்.’ கீழே கையெழுத்து. பெயருக்கு நேராக என் பொறுப்பு.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். அறுத்த ஐந்தாவது தண்டின் ஒரு பாதி. ‘உபயோகத்துக்கு அல்ல’ என்று கொத்தியிருக்கிறது.

“இது இனி எந்த வால்வுக்கும் போகாது. ஒங்களுக்குத்தான். இதுல எவ்வளவு வேணும்னாலும் வச்சுக்கிடுங்க.”

பூஜை அலமாரியில் தண்டுமாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். கை தாராளமாகவே போயிற்று.

செல்வகனி அம்மாவுக்கு மிளகாய் இல்லாத உப்புமா. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

17 ஆகஸ்ட், திங்கள் (ஆவணி 1)

நாற்பது தண்டும் தயார். ஆடி கழிந்து, ஆவணி முதல் வெள்ளியன்று அனுப்பலாம் என்று நாள் குறித்தாயிற்று. பெட்டியும் வந்துவிட்டது. பழக்கத்தில் சிமிழை எடுத்துக்கொண்டு பெட்டி அருகில் போனேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

“அம்மணி, கேட்டுட்டு வெய்யி. கேக்காம வெக்காத.”

யார் யாரிடம் சொல்வது! ஆனால் சொன்னது சரிதான். இன்று தபாலில் அனுப்பிய கடிதத்தின் நகல்:

மதிப்பிற்குரிய செல்வகனி அம்மாவுக்கு,

வணக்கம். வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? மணத்தக்காளிக் கீரை வாரம் இரண்டு தடவை சேர்த்துக்கொள்ளவும்.

ஒரு சந்தேகம். நாற்பது தண்டும் பெட்டியில் அடைத்தாயிற்று. ஒவ்வொரு தண்டுக்கும் இரண்டு சுற்று பாலிதீன் உறை, முனைகளுக்கு மூடி. அதற்கு மேல் பெட்டிப் பலகை, கனம் இருபது மில்லிமீட்டர். பெட்டி மூடியின் வெளிப்பக்கம், ஒரே ஒரு பொட்டு மட்டும் வைக்கலாமா? பொட்டுக்கும் மிக அருகில் உள்ள தண்டுக்கும் இடைவெளி ஒன்பது சென்டிமீட்டர், நானே அளந்தேன். பொட்டு வைத்த பிறகு இங்கே யாரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். அங்கே திறக்கிறவர் கையில் ஒட்டும் என்றால், வைத்துக் காய்ந்த பின் அதன்மேல் காகிதம் ஒட்டிவிடுகிறேன். அந்தக் காகிதத்துக்கு எந்தப் பசை ஆகும் என்பதையும் எழுதவும்.

கூடாது என்றால் வைக்க மாட்டேன். மனத்துக்குள் வைத்துக்கொள்வேன், அதற்கு ஆய்வகம் தேவைப்படாது. ஆனால் ஆகும் என்றால், ஆகும் என்று எழுத்தில் வேண்டும். கோப்பில் சேர்க்க வேண்டும்.

வண்டி 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்புகிறது. சிமிழ் தயாராக இருக்கிறது. தயவுசெய்து அதற்கு முன்னால் சீக்கிரம் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
செ. தெய்வானை
தர ஆவணப் பொறுப்பு